கீப்பரைத் திட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் நடுவே இரண்டு கால்பந்து கீப்பர்கள் எங்கள் ஊர் வாயில் விழுந்தார்கள். முதல் ஆள் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆந்த்ரே ஒனானா. லியோன் அணியோடு நடந்த யூரோப்பா லீக் ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கி 2-2 என்று முடிந்தது. லியோன் போட்ட இரண்டு கோலிலும் அவர் கை இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை. இரண்டாவது ஆள் எங்கள் அணிப் பையன், வயது 19. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் எங்கள் பக்கம் எழுவர் கால்பந்துப் போட்டிகள் களைகட்டும். அப்படி ஒரு போட்டியின் அரையிறுதி, 1-1, கடைசி நிமிடம். பாதி மைதானத்திலிருந்து உருண்டு வந்த பந்தைக் காலுக்கு நடுவே விட்டான்.

கீழக்கரைப் பக்கத்தில் சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான், அவர்களுக்குக் காக்கா (அண்ணன்). அதனால் டீக்கடையில், ஏலக்கூடத்தில், துபாயிலிருந்து சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள்) அனுப்பும் வாய்ஸ் மெசேஜில் என்று ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

தூக்கம் முழிச்சுப் பார்க்குறோம் காக்கா. தப்பு செஞ்சா திட்டக் கூடாதா?

தாராளமாகக் குறை சொல்லலாம். கீப்பரும் விளையாட்டுக்காரன்தான். அவன் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாதென்றால் கால்பந்து பார்ப்பதே வீண். நான் பார்ப்பது ஒன்றுதான்: சொன்னது அவன் காதில் விழுந்தால், மறுநாள் பயிற்சியில் அதை வைத்து எதையாவது திருத்திக்கொள்ள முடியுமா?

"முன்னாடி வந்தவன் பாதியிலேயே நின்னுட்டான், வந்திருந்தா முழுசா வந்திருக்கணும்" என்பது குறை. "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா" என்பது கேலி, போய்த் தொலையட்டும். "இவனெல்லாம் ஒரு மனுசனா, இவன் குடும்பம் விளங்குமா" என்பதில் கால்பந்தே இல்லை. எங்கள் பையனுக்கு வந்ததில் முதல் வகை மூன்றோ நாலோ இருக்கும். மீதியெல்லாம் இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதில் போய் முடிந்தவை.

பத்து பேர் தப்பு செஞ்சாலும் கீப்பர் தப்பு மட்டும் ஏன் பெருசாத் தெரியுது?

அவனுக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது, வேறு ஆள் இல்லை. ஸ்ட்ரைக்கர் ஐந்து வாய்ப்பை வானத்துக்கு அடித்துவிட்டு ஆறாவதைப் போட்டால் தோளில் தூக்குவோம். கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால் அந்த ஆறாவதுதான் ஊரெல்லாம் சுற்றும். எங்கள் அரையிறுதியிலும் அதே கதை. முதல் பாதியில் எங்கள் ஃபார்வர்டு ஆள் இல்லாத கோலில் பந்தை வெளியே அடித்தான். அவன் பெயரை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. அவன் என் அக்கா மகன் என்பதால் நான் மறைக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவனிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு கோல் கீப்பர் தப்பா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிவியில் பார்ப்பதை வைத்து முடிவு செய்வதுதான் முதல் சிக்கல். கேமரா உயரத்திலிருந்து காட்டுகிறது. கீப்பர் பார்ப்பது எதிரே நிற்கும் ஆட்களின் இடுப்பு மட்டத்தில். முன்னால் நான்கு கால்கள் மறைத்தால் பந்து பாதி வழி வந்த பிறகுதான் கண்ணில் படும். முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். மூலைக்குப் போகும் பந்துக்கு எந்த மனிதனும் நின்ற இடத்திலிருந்து கை நீட்டி எட்ட முடியாது. பந்து வருமுன் அவன் எங்கே நின்றான் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கத்துக் கம்பத்துக்கும் தனக்கும் நடுவே வழி விட்டிருந்தால் அது அவன் கணக்கு. எதிரணிக்காரன் காலில் பட்டுத் திசை மாறியிருந்தால் அது விதி. முகத்துக்கு நேரே வந்ததைப் பிடிக்காமல் தட்டி, அதுவும் எதிரணி ஆள் காலிலேயே தட்டியிருந்தால் அதுவும் அவன் கணக்குத்தான். லியோன் ஆட்டத்தில் ஒனானா கடைசி கோலை விட்டது இந்த வகை.

நம் ஊர் மைதானத்துக்கு இன்னும் சில சேர்த்துக்கொள்ள வேண்டும். வைகாசி கடைசியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் தென்கடல் பக்கம் அடிக்கும் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. ராத்திரி ஆட்டத்தில் மஞ்சள் விளக்குக்குள் புகுந்த பந்து ஒரு நொடி காணாமல் போய், பிறகு மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். அரையிறுதிக்கு மறுநாள் சாயங்காலம் நான் அந்தக் கோலுக்குப் போய் நின்று பார்த்தேன். கோட்டுக்கு ஒரு அடி முன்னால், ஆண்டாண்டாக கீப்பர்கள் குதிகாலால் தேய்த்துத் தேய்த்து ஒரு குழி, சாப்பாட்டுத் தட்டு அகலம். பந்து அதன் விளிம்பில் பட்டு எழும்பியிருக்கிறது. புழுதியில் தடம் அப்படியே கிடந்தது. ஆனால் பையன் மேலும் தப்பு உண்டு. உருண்டு வரும் பந்துக்கு ஒரு முட்டியை மடக்கி, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். அவன் இரண்டு காலையும் விரித்துக் குனிந்தான். என் கணக்கில் பாதி குழி, பாதி அவன்.

பெனால்டி விட்டா?

விட்டுவிடுங்கள். பதினொரு மீட்டரிலிருந்து அடித்த பந்து அரை நொடிக்குள் கோலுக்குள் இருக்கும். நான்கில் மூன்று பெனால்டி கோலாவதுதான் வழக்கம்.

ஒரு சுவாரசியமான விஷயம் மட்டும். 2007ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசினார்கள். அந்த உதைகளைப் பொறுத்தவரை நடுவில் அசையாமல் நிற்பதுதான் கீப்பருக்கு லாபம் என்று கணக்கு வந்தது. ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்திருக்கிறார்கள். நின்றபடியே கோல் வாங்கினால் "சும்மா நின்னான்" என்று பழி வரும், பாய்ந்தும் கோல் வாங்கினால் "முயற்சி செஞ்சான்" என்று பேர் வரும் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். நம் வாய்க்குப் பயந்து கீப்பர் தப்பான பக்கம் பாய்கிறான் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நேத்து வரைக்கும் நல்லாப் பிடிச்சவனுக்கு இன்னைக்குக் கை எப்படி மறந்துபோகும்?

கை மறக்காது, முடிவெடுப்பதுதான் தாமதமாகும். ஓரத்திலிருந்து உயரமாக கிராஸ் வரும்போது வெளியே போகலாமா, கோட்டிலேயே நிற்கலாமா என்று நல்ல கீப்பர் யோசிப்பதில்லை, உடம்பு தானாகப் போகும். இரண்டு மூன்று கோல் மோசமாக விட்ட பிறகு யோசனை புகுந்துவிடும். கால் நொடி யோசித்தால் போதும், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வான். பார்க்கிற நமக்கு அது சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும்.

ஒனானா மோசமான கீப்பர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 2023 அக்டோபரில் கோபன்ஹேகன் அணிக்கு எதிராகக் கடைசி நொடிப் பெனால்டியைத் தடுத்து 1-0 என்று ஜெயிக்க வைத்தது அவர்தான். அடுத்த மாதம் கலாட்டாசராய் ஆட்டத்தில் 3-3 ஆகும்படி தடுமாறியதும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள், நடுவில் ஐந்து வாரம்.

அப்ப உட்கார வெச்சுட்டு வேற ஆளை இறக்கினா முடிஞ்சுபோச்சே?

சில நேரம் அதுதான் சரி. உட்கார வைப்பது அவமானம் என்று நினைக்கிறோம், சிலருக்கு அது மூச்சுவிடக் கிடைத்த இடைவெளி. லியோன் ஆட்டத்துக்கு மூன்று நாள் கழித்து நியூகாசில் ஆட்டத்தில் பயிற்சியாளர் அமோரிம் ஒனானாவை இறக்கவில்லை. பதிலுக்கு நின்றவர் பாயிந்திர். யுனைடெட் 4-1 என்று தோற்றது; நான்காவது கோல் புதிய கீப்பர் தவறாக அனுப்பிய பந்தில் வந்தது. கீப்பரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று குரல் கொடுத்த எங்கள் வாட்ஸ்அப் குழு அன்றிரவு ஊமையாகிவிட்டது. அடுத்த லியோன் ஆட்டத்துக்கு ஒனானாவே திரும்பி வந்தார், 5-4 என்று ஜெயித்தார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில் அவரைத் துருக்கியின் டிராப்சன்ஸ்போருக்கு லோனில் அனுப்பினார்கள் என்பதும் உண்மை. ஒரு ஆட்டம் ஓய்வு கொடுப்பதும், ஆளை மாற்றுவதும் வேறு வேறு.

எப்படி உட்கார வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பேனரில் பேர் இல்லாததைப் பார்த்துத்தான் பையன் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் வைக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் தனியாகக் கூப்பிட்டு, ஏன் என்றும், திரும்ப எப்போது என்றும் சொல்லிவிட வேண்டும். நானே இதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறான்ல, வாங்கிக் கட்டிக்கட்டுமே?

சம்பளம் அவன் விளையாட்டுக்கு. ஆட்டம் சரியில்லை என்று சொல்லும் உரிமை அந்தக் காசோடு சேர்ந்து வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே போய் எழுதும் உரிமை எந்தக் காசோடும் வராது.

அப்புறம், கோடி வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். நம் நாட்டிலேயே பாருங்கள். 2025ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் ஒப்பந்தம் இழுபறியானதில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வழக்கமான மாதத்தில் தொடங்கவே இல்லை. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. டிவியில் வரும் வீரனுக்கே இந்த நிலை. எங்கள் பையனுக்கு அரையிறுதிக்குக் கிடைத்தது ஒரு பரோட்டாவும் சால்னாவும்.

மனநலம், டிப்ரஷன்னு சொல்றதெல்லாம் சாக்குதானே?

ராபர்ட் என்கே என்று ஒரு கீப்பர். ஹானோவர் 96 அணியின் கேப்டன், ஜெர்மனி தேசிய அணிக்கும் நின்றவர். 2006ல் அவருடைய சின்ன மகள் இதயக் கோளாறால் இறந்தாள். அவருக்குப் பல ஆண்டுகளாகவே மன அழுத்த நோய் இருந்தது. வெளியே தெரிந்தால் ஆட்டமும் போய்விடும், தத்தெடுத்த குழந்தையும் போய்விடும் என்று பயந்து மறைத்தே வைத்திருந்தார். 2009 நவம்பர் 10ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. சாக்கு சொல்கிறவன் ஊருக்குத் தெரிகிற மாதிரி சொல்வான். அவர் மனைவி, மருத்துவர் என்று மிகச் சிலரைத் தவிர யாரிடமும் சொல்லவே இல்லை.

அடுத்த ஆண்டு அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். மன அழுத்தத்தைப் பற்றியும் குழந்தைகளின் இதய நோயைப் பற்றியும் வேலை செய்கிறது.

அப்ப ரசிகர்கள் திட்டித்தான் அவர் செத்தார்னு சொல்றீங்களா?

இல்லை, அப்படிச் சொல்வதும் தப்பு. அந்தச் சமயத்தில் அவர் நல்ல ஃபார்மில் இருந்தார். 2010 உலகக் கோப்பைக்கு ஜெர்மனி கோலில் அவர் நிற்க வாய்ப்பிருக்கிறது என்று பேச்சு. நோய்க்கு ஒரே காரணம் கிடையாது. நன்றாக விளையாடுகிறவனுக்கும் வரலாம், மோசமாக விளையாடுகிறவனுக்கு வராமலும் போகலாம். ஆகவே "கோல் விட்டான், பாவம், மனசு சரியில்லை போல" என்று நாமாக முடிவு கட்டுவதும் வேண்டாம். எங்கள் பையனைப் பற்றி அப்படியும் ஒரு பேச்சு கிளம்பியது. அவனுக்கு அது திட்டை விட அதிகமாக உறைத்தது. "பைத்தியம்னு சொல்றாங்களா காக்கா?" என்று கேட்டான்.

தலையில அடிபட்டவனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டா போதும்ல? நாங்கல்லாம் அப்படித்தானே ஆடினோம்?

ஆடினோம். நம் அதிர்ஷ்டம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2018 மே 26, கீவ் நகரம், சாம்பியன்ஸ் லீக் இறுதி. லிவர்பூல் கீப்பர் லோரிஸ் கரியஸ் உருட்டிவிட்ட பந்து நேராக ரியல் மாட்ரிட் வீரர் பென்சிமாவின் காலில் பட்டுக் கோலானது. பிறகு பேல் தூரத்திலிருந்து அடித்தது கையிலிருந்து நழுவி உள்ளே போனது. ரியல் மாட்ரிட் 3-1. அழுதுகொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன. சில நாள் கழித்து பாஸ்டன் மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர்கள், அந்த ஆட்டத்திலேயே அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்க வேண்டும், கண்ணால் தூரத்தைக் கணிப்பது அதனால் தடுமாறியிருக்கலாம் என்று சொன்னார்கள். முதல் தப்புக்குச் சற்று முன்புதான் ராமோஸின் முழங்கை அவர் தலையில் இடித்திருந்தது. இதை நம்பாதவர்களும் உண்டு. நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த ராத்திரி திட்டிய யாருக்கும் இந்த விவரம் தெரியாது.

செல்சி கீப்பர் பெட்ர் செக் கதை இன்னும் மோசம். 2006 அக்டோபரில் ரெடிங் அணி ஆட்டக்காரரின் முட்டி இடித்து மண்டை ஓடு உடைந்தது. மூன்று மாதம் கழித்துத் தலைக்கவசத்தோடு வந்தார், 2019ல் ஓய்வு பெறும் வரை அதைக் கழற்றவில்லை. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு மாற்று ஆளை இறக்கும் ஏற்பாட்டை 2021லிருந்து சோதித்துப் பார்த்தார்கள். 2024லிருந்து விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, வேண்டிய போட்டிகள் வைத்துக்கொள்ளலாம். நம் எழுவர் ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாமே, நமக்கு எந்தச் சாக்கும் இல்லை. அடிபட்டவன் கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, தலைவலி என்றாலோ, வெளிச்சம் கூசுகிறது என்றாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. தனியாக பைக்கில் அனுப்பாமல் கூடவே ஒருவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "நான் ஆடுறேன்" என்று அவன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடிபட்டது எந்தத் தலையோ அந்தத் தலைதான் அதைச் சொல்கிறது.

மீம் போட்டா என்ன தப்பு? சிரிப்புக்குத்தானே?

சில வருடம் முன்னால், பக்கத்து ஊர் கீப்பர் ஒருவர் பந்தை விட்டுவிட்டு வலைக்குள் விழுந்த வீடியோவுக்கு நகைச்சுவை வசனம் ஒன்றைச் சேர்த்துக் குழுவில் போட்டேன். நன்றாக ஓடியது, எனக்குப் பெருமை. இரண்டு மாதம் கழித்து மீன் ஏலத்தில் அவரைப் பார்த்தேன். கோபப்படவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "காக்கா, அந்த வீடியோவைப் பொண்ணு வீட்டுலயும் பார்த்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, எனக்கும் அழைப்பு வந்தது. பந்தியில் என்னை யார் என்று மாமனாருக்கு அவர் அறிமுகப்படுத்திய விதத்தை மட்டும் எழுத மாட்டேன்.

ஒனானா மீமை அவர் பார்க்கப் போவதில்லை என்று வாதாடலாம். சரி. ஆனால் நம் ஊர் கீப்பர் மீம் அரை மணி நேரத்தில் அவன் உம்மா கைக்கு வந்துவிடும். பேர் தெரிந்த, வீடு தெரிந்த பையன் மேல் போடாதீர்கள். அவனே போட்டால் தாராளமாகச் சிரியுங்கள்.

எதிரணி கீப்பர் பின்னாடி நின்னு கலாய்க்கிறது ஆட்டத்தோட ஒரு பகுதிதானே?

ஆமாம். கோலுக்குப் பின்னால் நின்று கத்தாத கூட்டம் எந்த ஊரில் இருக்கிறது? "உங்க அத்தா வலையில மீன் நிக்குது, உன் கையில பந்து நிக்கலையே" என்று எதிரணி கீப்பரைப் பார்த்து ஒரு கிழவர் கத்த, அந்தக் கீப்பரே திரும்பிச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். சாதி, மதம், நிறம், வீட்டுப் பெண்கள், உடம்பில் உள்ள குறை, இதில் எதையாவது தொட்டால் அந்த ஆளை வெளியே அனுப்பச் சொல்லி நடுவரிடம் கேட்பேன், அவர் எங்கள் ஆளாக இருந்தாலும். கல், தண்ணீர் பாட்டில், லேசர் விளக்கு வந்தால் போட்டியையே நிறுத்த வேண்டும்.

அவனால பந்தயத்துல எனக்கு ரெண்டாயிரம் போச்சு. அந்தக் கோவம் எனக்கு இருக்காதா?

பந்தயம் கட்டச் சொன்னது அவனில்லை. காசு வைத்து ஆடும் செயலிகளுக்கு 2025ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்த பிறகு இந்தக் கேள்வி கொஞ்சம் குறைந்திருக்கிறது. டீக்கடைப் பந்தயம் குறையவில்லை.

கோபம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் அமெரிக்காவுக்கு எதிராக சேம் சைடு கோல் போட்டார். பத்து நாள் கழித்து, சொந்த ஊரான மெடலினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

தம்பி, என் மகனுக்குப் பதினாலு வயசு. கோல் விட்டதிலேர்ந்து ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடல, பள்ளிக்கூடமும் போக மாட்டேங்குறான். என்ன செய்ய?

ஒரு தாய் வீட்டு வாசலில் நின்று கேட்டது. இத்தனை கேள்வியிலும் என்னைத் தூங்கவிடாதது இதுதான். முதலில் அந்தக் கோலைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம், ஆறுதலாகக்கூட. "பரவாயில்ல, அடுத்த தடவை பிடிச்சிரலாம்" என்பதும் அவனுக்கு அதே கோலைத்தான் ஞாபகப்படுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள், வேறு எதையாவது பேசுங்கள். வாப்பா வெளிநாட்டிலிருந்து போனில் கேள்வி கேட்காமல் இருந்தால் பெரிய உதவி. போனில் அவனைத் திட்டி வந்தது ஏதும் இருக்கிறதா என்று, பிடுங்காமல், கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு வாரம் சாப்பாடும் தூக்கமும் பள்ளியும் கெட்டால் அது விளையாட்டு விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், 2022லிருந்து இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப்போகலாம். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம், அவனைத் தனியாகவும் விட வேண்டாம்.

நான் மாற்றிய ஒன்றையும் சொல்கிறேன். பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அணியில் இப்போது நிரந்தர கீப்பர் கிடையாது. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் கீப்பரை மாற்றுகிறேன். எல்லோரும் ஒரு தடவையாவது அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றுவிட்டால் பின்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு தடவை பேரு கெட்டவன் திரும்ப வருவானா?

சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு இது தெரியும். 2015 டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதி. எஃப்.சி. கோவா 2-1 என்று முன்னிலை, 90ஆவது நிமிடம். கோவா கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மீது சேம் சைடு கோல் பதிவானது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மென்டோசா அடிக்க, சென்னையின் எஃப்.சி. 3-2, கோப்பை நமக்கு. நாங்கள் இங்கே பட்டாசு வெடித்தோம். அந்த ராத்திரி கட்டிமணி என்ன ஆனார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

2022 மார்ச் 20, அதே ஃபதோர்டா, அதே இறுதி. இப்போது கட்டிமணி ஹைதராபாத் கீப்பர். கேரளா பிளாஸ்டர்ஸுடன் 1-1, பெனால்டி ஷூட் அவுட். அவர் மூன்றைத் தடுத்தார், ஹைதராபாத் 3-1. நடுவில் ஆறு ஆண்டு மூன்று மாதம்.

எல்லோருக்கும் அது வாய்க்காது. 1950 ஜூலை 16ல் உலகக் கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில், சொந்த மைதானமான மரக்கானாவில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. கீப்பர் பார்போசா. டிரா செய்திருந்தாலே கோப்பை. கிராஸ் வரும் என்று நினைத்து ஓரடி நகர, உருகுவேயின் ஜிஜ்ஜியா கம்பத்தோரமாக அடித்துவிட்டார். 2000ல் சாகும் வரை ஊர் அவரை மன்னிக்கவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருடம்தான், நான் அதையும் தாண்டி அனுபவிக்கிறேன் என்று அவரே வேதனைப்பட்டிருக்கிறார். கட்டிமணிக்குக் கிடைத்தது, அடுத்து நிற்க ஒரு கோல். பார்போசாவும் பிறகு கோலில் நின்றார்தான், ஆனால் இன்னொரு உலகக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை.

எல்லாரும் மெதுவாவே பேசினா நிர்வாகம் எப்படித் திருந்தும்?

மெதுவாகப் பேசச் சொல்லவில்லை, சரியான ஆளிடம் சத்தமாகப் பேசச் சொல்கிறேன். கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா? அடிபட்டால் யார் பார்க்கிறார்கள்? தரையில் ஆணி அடிக்காமல் வைத்த இரும்புக் கம்பம் குழந்தை மேல் சாய்ந்தால் யார் பொறுப்பு? கோலுக்கு முன்னால் குழி, மூன்றாவது கேள்விக்குச் சொன்ன அதே குழி, எத்தனை வருடமாக இருக்கிறது?

அதைக் கேட்டுப் போட்டி நடத்துகிறவர்களிடம் போனபோது, ஒரு டிராக்டர் மண் போதும் என்றார்கள். போடவில்லை. நாங்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு போய்ப் போட்டோம். கீப்பரைத் திட்டி நானூறு மெசேஜ் போட்ட குழுவிலிருந்து வந்தது இரண்டு பேர்.

அடுத்த போட்டிக்கும் அவனையேதான் நிறுத்தப் போறீங்களா?

ஆமாம். தடைக்காலம் முடிந்ததும் படகுக்குப் போய்விட்டான். கடலுக்குப் போகாத நாளில் சாயங்காலம் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். உருட்டுப் பந்து மட்டும் ஐம்பது அடிக்கச் சொல்வான், முட்டியை மடக்கிப் பிடிப்பான். போன வாரம் நாற்பத்தெட்டு பிடித்தான். விட்ட இரண்டையும் என் அக்கா மகன்தான் அடித்தான்.